பழைய கேரி பேக்கில் தோள்பை: நூல் அறுகிறது, கைப்பிடி இழுபடுகிறது, அயர்ன் பண்ணினால் ஓட்டை

மஞ்சப்பை:

வணக்கம். வீட்டில் சேர்ந்துவிட்ட பிளாஸ்டிக் கவரையெல்லாம் குப்பைக்கு அனுப்பாமல் காய்கறி வாங்கப் போகும் தோள்பையாக மாற்றலாம் என்று இறங்கியிருக்கேன். கையில் 150 கவர் இருக்கும். 2019 ஜனவரி தடைக்கு முன்னால் சேர்ந்தது கொஞ்சம், வெளி மாநிலத்திலிருந்து சாமானோடு வந்தது கொஞ்சம். பெரும்பாலும் சரசரவென்று சத்தம் போடும் மெல்லிய, காது வைத்த வகை. கூடவே ஜவுளிக்கடைக் கவர், பிரெட் கவர், கறுப்புக் கவர், சட்டை வரும் கண்ணாடிக் கவர், பால் பாக்கெட் எல்லாம் கலந்து கிடக்கு.

மூணு இடத்தில் சிக்கல். கவரை வெட்டி நூலாக்கி குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டால் அடிக்கடி நூல் அறுந்துபோகிறது. அறாமல் முடிந்த சின்னப் பையில் ரெண்டு கிலோ வெங்காயம் வைத்ததும் கைப்பிடி ஒரு சாண் நீண்டுவிட்டது. இன்னொரு வழியாக, கவர்களை அடுக்கி வைத்து ஒரே தாளாக ஒட்ட அயர்ன் பண்ணினால் ஒரு மூலை ஓட்டை, இன்னொரு மூலை ஒட்டவே இல்லை.

எந்தக் கவர் எதற்கு ஆகும், ஒரு பைக்கு எத்தனை வேண்டும், ஊசி என்ன சைஸ் என்று அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பின்னல் திண்ணை:

முதல்ல தரம் பிரிங்க. உங்க சிக்கல் பாதி அங்கேதான் ஆரம்பிக்குது.

சரசரக்கும் மெல்லிய கவர் ஹெச்.டி.பி.இ., அதாவது அடர்த்தி கூடின பாலித்தீன், முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். நூலுக்கு அதுதான் முதல் தரம். ஜவுளிக்கடைக் கவர், பிரெட் கவர் மாதிரி மெத்தென்று சத்தமில்லாமல் இருப்பது எல்.டி.பி.இ., அடர்த்தி கம்மியான பாலித்தீன், எண் 4. அதிலும் நூல் வரும், ஆனா தடிமன் கூட என்பதால் பாதி அகலத்தில் வெட்டணும். ரெண்டையும் ஒரே பையில் வைக்கலாம், ஒரே வரியில் மாற்றி மாற்றி வைக்காதீங்க. ஒண்ணு அதிகமா இழுபடும், இன்னொண்ணு கம்மியா இழுபடும், வரி நெளிஞ்சுடும்.

கறிக்கடை, மீன்கடையில் தரும் கறுப்புக் கவரை ஒதுக்கிடுங்க. பெரும்பாலும் கலவையான பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊதினது அது. விரிச்சு வெளிச்சத்தில் பிடிச்சா மணல் மணலா புள்ளி தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் நூல் அறும். ரொம்ப நாள் வெயில் பட்ட கவரும் வேண்டாம். உள்ளங்கையில் கசக்கினா செதில் செதிலா உதிரும், அப்படி உதிர்ந்தா விட்டுடுங்க. ‘மக்கும் பை’ என்று அச்சடிச்சது வேலைக்கே ஆகாது, சில மாசத்தில் பின்னலோடு சேர்ந்து நைஞ்சுபோகும்.

இப்ப நூல் ஏன் அறுதுன்னு பார்ப்போம். ஒரு கேரி பேக் எடுத்து மேல் விளிம்பில் நகத்தால் சின்னதா கீறி ரெண்டு பக்கமும் இழுங்க. மேலிருந்து கீழாக நேர்கோட்டில் சர்ரென்று கிழியும். அதே கவரைப் பக்கவாட்டிலிருந்து கீறி இழுங்க, கிழிசல் கோணலா திரும்பும், லேசில் போகாது. ஆலையில் ஊதி இழுக்கும்போது பிளாஸ்டிக்கின் இழை நெடுக்கு வாக்கில் படிஞ்சிடுது, அந்த வாக்கில்தான் சுலபமா பிளக்கும். நாம வளையம் வளையமா குறுக்கே வெட்டுறோம். அதனால் வெட்டின விளிம்பில் கத்தரி நின்னு நின்னு போட்ட ஒரு சின்னப் பல் இருந்தாலும், கிழிசல் நேரா நூலின் குறுக்கே ஓடி அறுத்துடும். அறுந்த முனையை உத்துப் பாருங்க, அந்தப் பல் அங்கே இருக்கும். சின்னக் கத்தரியால் நறுக் நறுக்குன்னு வெட்டாம, எட்டு அங்குல தையல் கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்டணும். உருளும் கட்டர் இருந்தா இன்னும் நல்லது.

வெட்டும் முறை: கவரைக் கழுவி நிழலில் காயப்போட்டு, பக்கவாட்டு மடிப்பு உள்ளே போனபடியே மேசையில் காத்து போகத் தடவிச் சமமாக்குங்க. மேலே காதையும் கீழே ஒட்டின தையலையும் வெட்டி எடுத்தா ஒரு குழாய் கிடைக்கும். அதை நெடுக்காக இரண்டு முறை மடிச்சு, 3 செ.மீ. அகலத்தில் குறுக்கே துண்டு போடுங்க. ஒவ்வொரு துண்டும் பிரிச்சா ஒரு வளையம். ஜவுளிக்கடைக் கவர்னா 1.5 செ.மீ. போதும்.

வளையத்தைக் கோக்கிறது ரப்பர் பேண்டை ஒண்ணோடொண்ணு மாட்டுற மாதிரிதான். புது வளையத்தைப் பழைய வளையத்தின் நுனிக்குள் விட்டு, அதன் ஒரு முனையை மறு முனைக்குள்ளேயே நுழைச்சு இழுக்கணும். இங்கே அவசரப்படாதீங்க. வெடுக்குன்னு இழுத்தா முடிச்சு மடிஞ்ச இடத்திலேயே உராஞ்சு பாதி வெட்டுப்பட்டு நிக்கும், அப்ப தெரியாது, பின்னும்போது அறும். ரெண்டு கையாலும் மெதுவா இழுத்தா முடிச்சு மிளகு அளவுக்குச் சுருங்கி நிக்கும். ஒரு பக்கம் கொட்டாங்குச்சி மாதிரி மடிப்பு துருத்தினா அவிழ்த்துத் திரும்பப் போடுங்க.

விரிச்சா 46 செ.மீ. அகலம் வர்ற நடுத்தர கவரில் பத்து வளையம் கிடைக்கும், முடிச்சு போக நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இரட்டை நூல். காய்கறி வாங்குற அளவு தோள்பைக்கு 45 முதல் 55 கவர் ஆகும். பத்தலைன்னா இதுக்காகக் கடையில் புதுக் கட்டு மட்டும் வாங்கிடாதீங்க, பக்கத்து வீட்டில் கேளுங்க, அவங்க வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும்.

ஊசி: 8 மி.மீ., அலுமினியம். கை இறுக்கமா பின்னுறவங்க 9 அல்லது 10 எடுக்கலாம். மர ஊசியிலும் பிளாஸ்டிக் ஊசியிலும் நூல் ஒட்டிக்கிட்டு நகராது, அந்த இழுப்பிலும் அறும். விரலில் துளி முகப்பவுடர் தொட்டுக்கிட்டா வழுக்கிட்டுப் போகும்.

அடிப்பாகம் இப்படிப் போடுங்க. 21 செயின் (சங்கிலிக் கண்ணி). ஊசியிலிருந்து ரெண்டாவது செயினில் ஆரம்பிச்சு 19 சிங்கிள் குரோஷே, கடைசி செயினில் மட்டும் 3, திரும்பி மறுபக்கம் 18, முதல் செயினில் இன்னும் 2. மொத்தம் 42. அடுத்த சுற்றில் ரெண்டு முனையிலும் மும்மூணு தையலை இரட்டிச்சு 48, அதுக்கடுத்து 54, அப்புறம் 60. அதோடு கூட்டுறதை நிறுத்திடுங்க. அடுத்த ஒரு சுற்று மட்டும், தையல் தலையில் தெரியுற ரெண்டு இழையில் பின்னாடி இருக்கிற இழையில் மட்டும் போட்டா அடி சட்டென்று மடிஞ்சு சுவர் எழும்பும். பிறகு சாதாரணமா 32, 33 சுற்று. பிரிட்டிஷ் புத்தகம் பார்த்துப் பின்னுறவங்க கவனிக்க, நான் சொல்ற சிங்கிள் அதில் டபிள் குரோஷேன்னு இருக்கும்.

சுற்று ஆரம்பத்தில் ஒரு ஊக்கு மாட்டி வைங்க. பிளாஸ்டிக் பின்னலில் தையலை எண்ணுறது நூல் பின்னல் மாதிரி சுலபமில்லை.

தையல் மேசை:

அயர்ன் செய்யும் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். ஓட்டையும் ஒட்டாமையும் ஒரே தாளில் வருகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு வேறு பிளாஸ்டிக்குகளை ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள்.

எல்.டி.பி.இ. ஏறத்தாழ 110 டிகிரியில் உருகும், ஹெச்.டி.பி.இ. 130 டிகிரியை ஒட்டி. சட்டை வரும் கண்ணாடிக் கவர் பாலிபுரொப்பிலீன், அது 160 டிகிரி கேட்கும். உருகினாலும் மற்ற இரண்டோடு ஒட்டாது, ஆறியதும் உரிந்து வந்துவிடும். பிரித்தறிய எளிய வழி, ஒரு துண்டை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாலித்தீன் என்றால் வெளுத்து நீளும். கண்ணாடிக் கவர் நீளாமல் படக்கென்று கிழியும்.

ஒரு எச்சரிக்கை. மேசை விரிப்பு, மழைக்கோட்டு போன்ற பி.வி.சி. எதன் மேலும் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூச்சுக்குழாயைப் பாதிக்கும். சந்தேகமான துண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் குமிழி போகத் தேய்த்து விடுங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பாலித்தீனுக்கும் ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிடுவது அவசியம். காரமான நெடி வந்தால் சூடு அதிகம் என்று பொருள், நிறுத்திவிடுங்கள். முகக்கவசம் வாயுவைத் தடுக்காது.

இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. சரசரக்கும் கவருக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், இரண்டை ஒட்டி வையுங்கள். நீராவியை அடைத்துவிடுங்கள். மேலும் கீழும் கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பர். மெழுகுத்தாளோ செய்தித்தாளோ கூடாது, ஒன்று மெழுகை இறக்கும், மற்றது மையை இறக்கும்.

ஒரு கவரின் காதையும் அடியையும் வெட்டி, பக்க மடிப்பை வெளியே இழுத்துச் சமமாக்கினால் இரண்டு அடுக்கு. அப்படி நான்கு கவர், எட்டு அடுக்கு. அதற்குக் குறைந்தால் கனம் தாங்காது, பத்தைத் தாண்டினால் நடு அடுக்கு ஒட்டாது. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் அச்சில்லாததாக இருக்கட்டும். அச்சு மை சூட்டில் இளகி பட்டர் பேப்பரில் ஒட்டும், பிறகு பெட்டியிலும் துணியிலும் ஒட்டும். வண்ண எழுத்து வேண்டுமென்றால் அதை இரண்டாவது அடுக்கில் வைத்து மேலே வெள்ளைக் கவர் போடுங்கள், தெளிவாகவே தெரியும்.

நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நிற்காமல், சற்று அழுத்தி நகர்த்துங்கள். ஒரு பகுதிக்கு 10 முதல் 15 விநாடி. திருப்பிப் போட்டு அதே போல. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு முறை. ஓட்டை விழுவது பெட்டி நின்ற இடத்திலும், பக்க மடிப்புக்குள் காற்று தங்கிய இடத்திலும்தான். முழுதாக ஆறியபின் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பாருங்கள். பிரிந்தால் இன்னொரு சுற்று. நன்றாக ஒட்டிய தாள் மெல்லிய ரெக்ஸின் போலக் கையில் நிற்கும்.

முதலில் உள்ளங்கை அளவு துண்டில் சோதியுங்கள். ஒட்டும்போது தாள் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கக்கூடும், அதனால் ஒட்டியபின் அளவெடுத்து வெட்டுவதே சரி. மூன்று தாள்களை 3 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி அயர்ன் செய்து ஒட்டினால் ஏறத்தாழ 84 செ.மீ. நீளமும் 41 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே பட்டை கிடைக்கும். மொத்தமே 12 கவர்தான், சோதனைக்கு இரண்டு மூன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த காதுகளை எறிய வேண்டாம், பொடியாக நறுக்கி நடு அடுக்கில் தூவலாம்.

மஞ்சப்பை:

ரெண்டு பேருக்கும் மிக்க நன்றி. கண்ணாடிக் கவரைக் கலந்துதான் அயர்ன் பண்ணியிருக்கேன், இழுத்துப் பார்த்ததில் தெரிந்துவிட்டது.

இன்னும் ரெண்டு. கைப்பிடிக்கு நூலை மூணு புரியாகப் பின்னினால் இழுபடாமல் இருக்குமா? பால் பாக்கெட்டை எதில் சேர்க்கலாம்?

பின்னல் திண்ணை:

மூணு புரி, ஆறு புரி எதுவா இருந்தாலும் இழுபடும். பாலித்தீனைத் தொடர்ந்து கனத்தில் தொங்கவிட்டா மெல்ல மெல்ல நீளும், கனத்தை எடுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அது பின்னலின் குறையில்லை, பொருளோட குணம். அதனால் கனத்தைப் பிளாஸ்டிக் தாங்கக்கூடாது, நாடா தாங்கணும்.

ஒரு அங்குலப் பருத்தி நாடா 2.75 மீட்டர் வாங்குங்க. ஒரே வளையமா, பையின் ஒரு பக்கம் ஏறி, கைப்பிடியாகி, அதே பக்கம் இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கம் ஏறி அதே மாதிரி இறங்கி, திரும்பவும் அடிவழியா ஆரம்பிச்ச இடத்துக்கு வரணும். இணைப்பு பையின் அடியில் வரட்டும், 4 செ.மீ. ஏற்றி நாலு பக்கமும் குறுக்கேயும் தைச்சுடுங்க. வெங்காயம் உட்காரும் இடமே நாடா மேலதான் இருக்கும், பின்னல் சும்மா சுவர் மாதிரி சுத்தி நிக்கும். கைப்பிடி வெளியே தெரியும் நீளம் பக்கத்துக்கு 55 செ.மீ. விட்டா தோளில் மாட்ட வரும்.

நாடாவைப் பையோடு பிடிக்க கோணி ஊசியும் நைலான் நூலும். பின்னல் தையலுக்கு நடுவே ஊசி போகணும், பிளாஸ்டிக் நூலையே குத்திட்டுப் போகக்கூடாது, குத்தின இடத்தில் பிளக்கும்.

இங்கே ஒரு இடத்தில் நிறைய பேர் தவறுறாங்க. நிக்காம சுற்றிச் சுற்றிப் பின்னுற சிங்கிள் குரோஷேயில் தையல் வரிசை நேரா ஏறாது, கொஞ்சம் கொஞ்சமா ஒரு பக்கம் சாயும். அடியில் எண்ணி வச்ச தையலைப் பிடிச்சுக்கிட்டே மேலே போனா நாடா கோணலா போய், பை தொங்கும்போது முறுக்கிக்கும். பையைத் தட்டையா மடிச்சு மேசையில் வச்சு, ஸ்கேல் போட்டு நேர்கோடு குறிச்சுக்குங்க. ரெண்டு ஓரத்திலிருந்தும் 9 செ.மீ. உள்ளே தள்ளி.

பால் பாக்கெட் பத்தி: வெட்டும்போதே மூலையை முழுசா துண்டிக்காம ஒட்டின மாதிரியே விடுங்க. அந்தக் குட்டி முக்கோணம்தான் எங்கேயும் மறுசுழற்சிக்குப் போகாம சாக்கடையில் சேருது. உட்புறத்தை வெளியே திருப்பி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் கழுவலைன்னா புளிச்ச வாடை பையில் நிரந்தரமா தங்கிடும். நூலுக்குச் சின்னது, முடிச்சு அதிகமாகும். அயர்ன் பண்ணுறவங்களுக்கு நல்ல பொருள்.

தையல் மேசை:

ஆம், அரை லிட்டர் பாக்கெட்டின் முதுகுத் தையலையும் இரண்டு முனைகளையும் வெட்டி விரித்தால் ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு வரும். தடிமன் கூடியது என்பதால் நான்கு, ஐந்து அடுக்கே போதும், ஒரு புள்ளிக்குச் சற்று மேலான சூடு. அச்சு உள்ளே பார்க்கட்டும். கேரி பேக்கோடு கலக்காமல் தனியாகச் செய்யுங்கள்.

இந்த ஒட்டுத்தாளைத் தைப்பதற்கும் தனி முறை இருக்கிறது. தையல் நீளத்தை 4 மி.மீ. வையுங்கள். துணிக்குத் தைப்பதுபோல் பொடித் தையல் போட்டால், தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போட்டதுபோல ஆகி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். 16 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல். குண்டூசி குத்தினால் துளை மூடாது, துணி காயப்போடும் கிளிப்பால் பிடியுங்கள். மிஷின் பாதத்தில் தாள் ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால் மேலே ஒரு பட்டை பட்டர் பேப்பர் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம்.

பட்டையை நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டுத் தைத்து, வாயை 3 செ.மீ. மடியுங்கள். அடி மூலைகளை முக்கோணமாக இழுத்து, நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் 10 செ.மீ. அகல அடி கிடைக்கும். பை 29 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம் நிற்கும். உள் ஓரங்களுக்கு பருத்திப் பைப்பிங் (ஓரத்தை மூடும் துணிப்பட்டை) கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுக்கு அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். கைப்பிடிக்கு மேலே சொன்ன அதே நாடா வளையம்தான், ஆனால் பக்கத் தையல் போடுவதற்கு முன்பே, தாள் தட்டையாக இருக்கும்போதே நாடாவைத் தைத்துவிட வேண்டும். பை ஆனபின் மிஷினுக்குள் நுழையாது.

டெல்லியில் 1998-ல் தொடங்கிய கன்சர்வ் இந்தியா என்ற அமைப்பு இதே ஒட்டுத்தாள் வழியில்தான் கைப்பைகள் செய்து விற்றது. சாயம் ஏற்றாமல், கவரின் சொந்த நிறத்தையே வடிவமாக அடுக்குவது அவர்கள் முறை. அந்த ஒழுங்கு வீட்டில் செய்கிறவர்களுக்கும் பொருந்தும். வெட்டுவதற்கு முன் நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பை பார்வையாக வரும், கையில் எடுத்துப் போக மனசு வரும்.

ஒயர்கூடை:

கைப்பிடிக்கு ஒரு சேர்க்கை. தோளில் மாட்டாம கையில் பிடிக்கிற பைன்னா, நாடா மட்டும் போட்டா விரலை வெட்டும். ஒயர் கூடைக் கைப்பிடிக்குள்ள விடுற டியூபை 12 செ.மீ. வெட்டி, நாடாவை நீளவாக்கில் மடிச்சு அதுக்குள்ள நுழைச்சு, மேலே உங்க பிளாஸ்டிக் நூலையே நெருக்கமா சுத்திடுங்க. பழைய அறுந்த கூடையிலிருந்தே டியூப் எடுக்கலாம்.

ஒயர் கூடைக்குப் போடுற சிவன் கண், நெல்லிக்காய் முடிச்செல்லாம் இந்த நூலில் போட முயற்சி பண்ண வேண்டாம். அந்த முடிச்சு நிக்கிறதே ஒயர் விறைப்பா இருக்கிறதாலதான். கவர் நூல் தொய்ஞ்சு கண் மூடிக்கும்.

குரோஷே பையில் உருளைக்கிழங்கு, தேங்காய் நிக்கும், பட்டாணியும் பச்சை மிளகாயும் இடுக்கு வழியா இறங்கும். பழைய வேட்டியோ காட்டன் சேலையோ வச்சு உள்ளே ஒரு துணிப்பை தைச்சு வாயோரத்தில் மட்டும் பிடிச்சுடுங்க. அடியில் பிடிக்காதீங்க, கழுவும்போது வெளியே இழுத்துக் காயவைக்கணும். உரிச்ச பழம், சூடான பஜ்ஜி மாதிரி எதையும் இந்தப் பிளாஸ்டிக்கில் நேரா படவிடாதீங்க, அச்சு மையும் பழைய கவரில் என்ன இருந்ததுங்கிறதும் யாருக்கும் தெரியாது.

மெஷின் வாஷ் கிடையாது, பச்சைத் தண்ணியில் கையால் அலசி நிழலில். வண்டியின் முன் கொக்கியில் நாள் முழுக்க வெயிலில் தொங்கவிட்டா எவ்வளவு நல்ல பின்னலும் நொறுங்கும்.

மஞ்சப்பை:

அடிப்பாகம் ஆரம்பிச்சுட்டேன். இந்த முறை ஒரே இழுப்பில் வெட்டினேன், இதுவரை ஒரு இடத்திலும் அறவில்லை. ஆனால் முதல் சுற்றில் 42 வரவில்லை, ரெண்டு தடவை எண்ணியும் 43 வருகிறது. அப்படியே தொடரலாமா?

பின்னல் திண்ணை:

தொடராதீங்க, ஒரு முனை மட்டும் பெருத்து அடி முட்டை மாதிரி ஆகிடும். மறுபக்கம் 18 முடிச்சு முதல் செயினுக்கு வந்தப்ப 3 போட்டிருப்பீங்க. அந்த செயினில் ஏற்கெனவே நீங்க ஆரம்பிச்ச ஒரு தையல் இருக்கு, அதனால் அங்கே 2தான். கடைசித் தையல் ஒண்ணை மட்டும் அவிழ்த்தா போதும். அவிழ்க்கும்போது முனையை வெடுக்குன்னு இழுக்காம, கண்ணியை ஊசியால் தளர்த்தி எடுங்க. கசங்கின நூலை விரலால் ஒருமுறை நீவிட்டு ரெண்டாவது சுற்றை ஆரம்பிக்கலாம்.